கண்மாய்த் தடத்தில் டயருக்குக் காற்று: கையடக்கக் கம்ப்ரசரையும் காற்று டேங்கையும் பயன்படுத்தும் முறை

கோடையில் கண்மாய்கள் வற்றியதும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் ஞாயிறு காலைகளில் ஜீப்புகள் மண்ணில் இறங்கத் தொடங்குகின்றன. வண்டி ஓட்டத் தெரியாமல் சிக்கியவர்களைவிட, மண்ணில் புதையாமல் இருக்க டயரில் காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்ற வழியில்லாமல் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரிடம் நல்ல கம்ப்ரசர் இருந்தது. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசைதான் தெரியவில்லை. அந்த வரிசையைக் காரணத்தோடு இங்கே எழுதுகிறேன்.

1. இறக்கும் முன் ஏற்றும் வழியைச் சோதியுங்கள்

வால்வு மூடியைத் திருகி எடுப்பதற்கு முன்பே கம்ப்ரசரை வெளியே எடுத்து, இணைத்து, அரை நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வீட்டு வாசலில் ஓடாத கம்ப்ரசர் கண்மாய் உள்வாயில் (தண்ணீர் தேங்கும் உட்பரப்பில்) ஓடாது. ஃப்யூஸ் போயிருப்பதும், ஹோஸின் முனையில் உள்ள ரப்பர் வாசர் காணாமல் போயிருப்பதும் இந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். காற்றை இறக்கிய பிறகு தெரிந்தால், தளர்ந்த டயரோடு தார்ச்சாலையில் ஊர்ந்து வர வேண்டியதுதான்.

காற்று குறைந்த டயரில் வேகமாக ஓட்டினால் அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடேறும். வெளியில் இருந்து பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும், உள்ளே இழைகள் வெந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் அந்த டயர் வெடிக்கும்போது, கண்மாயில் நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் சோதனையை முதல் படியாக வைத்திருக்கிறேன்.

2. கம்ப்ரசரா, டேங்கா: கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

கடைக்காரர் அட்டைப்பெட்டியில் உள்ள பிஎஸ்ஐ எண்ணை, அதாவது காற்றழுத்த அளவைக் காட்டுவார். 150 பிஎஸ்ஐ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். ஜீப்பு டயருக்கு 30, 35 பிஎஸ்ஐ போதும் என்பதால் அந்த எண்ணால் பயன் எதுவும் இல்லை. நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதையே கேட்க வேண்டும்.

255/65 ஆர்18 அளவுள்ள டயரின் உள்ளே சுமார் 65 லிட்டர் இடம் இருக்கும். அதை 18 பிஎஸ்ஐயிலிருந்து 32-க்குக் கொண்டுவர, வெளியில் உள்ள காற்றில் ஏறக்குறைய 60 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். நான்கு டயருக்கு 240 முதல் 250 லிட்டர். நிமிடத்திற்கு 35 லிட்டர் என்று எழுதியிருக்கும் கம்ப்ரசர், எதிரே அழுத்தம் ஏதும் இல்லாதபோதுதான் அந்த அளவைத் தரும். டயரில் அழுத்தம் ஏற ஏற அளவு குறையும். ஆகவே ஒரு டயருக்கு இரண்டரை, மூன்று நிமிடம் என்று எடுத்துக்கொள்வது நியாயமானது.

இப்போது டேங்கைப் பாருங்கள். 10 லிட்டர் டேங்கில் 120 பிஎஸ்ஐ வரை காற்றை நிரப்பிக்கொண்டு போகிறீர்கள் என்றால், டயரும் டேங்கும் 32 பிஎஸ்ஐயில் சமமாகும் வரை டேங்கிலிருந்து வெளிவருவது சுமார் 60 லிட்டர் காற்று. அதாவது ஒரே ஒரு டயருக்கு ஆகும். டேங்க் வாங்கிவிட்டால் நான்கு டயரையும் நிரப்பிவிடலாம் என்று நம்பிச் செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை என்பதே என் வருத்தம். சிறிய டேங்கின் பலம் வேறு. சேர்த்து வைத்த காற்றை ஒரே மூச்சில் விடுவது அதற்கு முடியும், கம்ப்ரசருக்கு முடியாது. அந்தப் பலம் எங்கே பயன்படும் என்பதை ஒன்பதாம் பகுதியில் சொல்கிறேன்.

முதன்முறை வாங்குகிறவருக்கு என் பரிந்துரை: நிமிடத்திற்கு 60, 70 லிட்டர் திறனுள்ள, பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று. டேங்கை ஓராண்டு கழித்து யோசிக்கலாம்.

3. வண்டியில் இருக்க வேண்டியவை

கம்ப்ரசர், அதன் மாற்று ஃப்யூஸ் இரண்டு, தனியான காற்று கேஜ், வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிற்கும் பின்னை (வால்வு பின்) கழற்றும் சிறு சாவி, மாற்று வால்வு பின் நான்கு, பஞ்சர் பிளக் பெட்டி, சோப்புத் தண்ணீர் ஒரு பாட்டில், பழைய துணி ஒன்று, மிதியடி அல்லது பலகைத் துண்டு ஒன்று. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

துணி எதற்கு என்று கேட்பார்கள். வால்வு பின் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத பித்தளைத் துண்டு. கழற்றும்போது உள்ளிருந்து வரும் காற்று அதை விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒருமுறை செம்மண் சரளையில் தெறித்து விழுந்த பின்னை மூன்று பேர் மண்டியிட்டுக் கால் மணி நேரம் தேடினோம். பித்தளையும் அந்தச் சரளையும் வெயிலில் ஒரே நிறமாக மின்னின. கடைசியில் ஸ்டெப்னியின் பின்னைக் கழற்றிப் போட்டோம். அதிலிருந்து வால்வுக்குக் கீழே துணியை விரித்துவிட்டுத்தான் சாவியைத் தொடுகிறேன்.

தனிக் கேஜ் அவசியம். கம்ப்ரசரோடு வரும் கேஜ் ஓடும்போது ஹோஸில் உள்ள அழுத்தத்தைக் காட்டும், டயருக்குள் இருப்பதை அல்ல. பஞ்சர் கடைக் கேஜை நம்பி வந்த ஒருவருடைய நான்கு டயரிலும் எழுதி வைத்ததைவிட 4 பிஎஸ்ஐ குறைவாக இருந்ததை நானே அளந்திருக்கிறேன். எந்தக் கேஜாக இருந்தாலும் ஒரே கேஜை எப்போதும் பயன்படுத்துங்கள். ஒப்பிடுவதற்கு அது உதவும்.

4. விடியற்காலையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் வண்டியின் காற்று அளவு இருக்கும். அது குளிர்ந்த டயருக்கான அளவு. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு. அதை இலக்காக எடுத்துக்கொள்வது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

வெப்பநிலை 5, 6 பாகை மாறினால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். சித்திரை வெயிலில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் உள்ள வேறுபாடே 2 பிஎஸ்ஐயைத் தாண்டும். ஓடிய சூடும் சேர்ந்தால் இன்னும் ஏறும். நண்பகலில் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தளர்ந்து கிடக்கும். ஆகவே வண்டியை எடுக்கும் முன் அளந்து, நான்கு எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். கேஜில் கிலோ அளவு மட்டும் இருந்தால், 1 கிலோ என்பது 14.2 பிஎஸ்ஐ.

5. எவ்வளவு இறக்குவது

காற்றை இறக்கினால் டயர் தரையில் பதியும் பரப்பு நீளும், வண்டியின் எடை பரவும், மணலில் புதைவது குறையும். பாலைவனத்தில் ஓட்டுகிறவர்கள் 15 பிஎஸ்ஐ வரை இறக்குகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு, இங்கேயும் அப்படியே செய்கிறார்கள். நம் ஊர்த் தரைக்கு அது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் சீமைக்கருவேலம். கண்மாய் உள்வாயில் அதை வெட்டிய இடத்தில் அரையடி உயரத்திற்குச் சாய்வாக நிற்கும் கட்டை ஈட்டி முனைக்குச் சமம். காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். கட்டை அங்கேதான் குத்தும். தரையில் படும் பகுதியில் ஏறிய முள்ளுக்குப் பிளக் போடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகள் இவை. செம்மண் சரளை, தைலமரக் காட்டு வண்டிப்பாதை: 24 முதல் 26. கருவேலங்கட்டை நிற்கும் உள்வாய்: 24-க்குக் கீழே போவதில்லை. காய்ந்து தூளான கரம்பை மண் (கண்மாய் வண்டல்): 20 முதல் 22. தொண்டிப் பக்கத்துக் கடற்கரை மணல் போன்ற தளர்ந்த இடம்: 18. அதற்கும் கீழே இறக்குவது, புதைந்த வண்டியை வெளியே எடுக்க மட்டும். எடுத்த உடனே ஏற்றிவிட வேண்டும். 12-க்குக் கீழே சென்று ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும்.

பழைய ஜீப்பில் டியூப் டயர் இருந்தால் 20-க்குக் கீழே வேண்டாம். ரிம் சுழல, டயரும் டியூபும் பின்தங்கி நகர்ந்து, வால்வுத் தண்டு வேரோடு அறுந்துவிடும்.

நான்கிலும் ஒரே அளவாக இறக்குங்கள். இறக்கிய பிறகு வேகம் 30 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், திடீர்த் திருப்பமும் திடீர் பிரேக்கும் வேண்டாம்.

6. கம்ப்ரசரை இணைக்கும் வரிசை

வண்டியை முடிந்தவரை சமதளத்தில், தார்ச்சாலையை ஒட்டி, ஆனால் சாலையை விட்டு விலகி நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள்.

கம்ப்ரசரின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் பிளஸ் முனையில் மாட்டுங்கள். அதன்பின் கறுப்புக் கிளிப்பை, மைனஸ் முனையில் மாட்டாமல், எஞ்சின் அறையில் பெயின்ட் படாத ஓர் உலோகப் போல்ட்டில் மாட்டுங்கள். இப்போது வரும் பல வண்டிகளில் மைனஸ் முனையில் பேட்டரியின் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உண்டு. அதைக் கடந்து மின்சாரம் எடுத்தால் அதன் கணக்கு தவறிவிடும். பேட்டரிக்கு அருகே தீப்பொறி பறப்பதும் இதனால் தவிர்க்கப்படும்.

அடுத்து எஞ்சினை ஓட விடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கக் கம்ப்ரசர் பத்து நிமிடம் ஓடினால், டயரில் காற்று இருக்கும், வண்டியைக் கிளப்பப் பேட்டரியில் சக்தி இல்லாமல் போகலாம். எஞ்சின் ஓடும்போது மூடிய கொட்டகைக்குள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. புகையில் உள்ள நச்சு வாயு மணமில்லாதது.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சைக்கிளுக்கும் சிறிய காருக்கும் உரிய பம்பாக இருந்தால் மாட்டலாம். 120 வாட் என்று பொறித்த சாக்கெட் 10 ஆம்பியர் மட்டுமே தரும். நாம் பேசும் கம்ப்ரசர் 25, 30 ஆம்பியர் இழுக்கும். கோட்டையூர்க் கண்மாயில் ஒரு தம்பி, "அண்ணே, ரெண்டு டயர் ஏறிருச்சு, மூணாவதுல செத்துப்போச்சு" என்று வந்து நின்றார். கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாக்கெட்டின் ஃப்யூஸ் போயிருந்தது, பிளாஸ்டிக் பிளக் தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

பின் டயருக்கு எட்டவில்லை என்றால் காற்று ஹோஸை நீட்டுங்கள், மின்கம்பியை நீட்டாதீர்கள். மெல்லிய கம்பி நீள நீள வோல்ட் குறையும், மோட்டார் திணறிச் சூடேறும். ஹோஸ் நீண்டால் சிறிது நேரம்தான் கூடும்.

கம்ப்ரசரை மண்ணில் வைக்காமல் மிதியடி மேல் வையுங்கள். செம்மண் தூசி அதன் வடிகட்டிக்குள் ஏறினால் சிலிண்டரை அரித்துவிடும். முடிந்தால் வண்டியின் நிழலில் வைப்பது நல்லது.

7. காற்று ஏற்றுதல்

வால்வு வாயில் ஒட்டிய மண்ணைத் துணியால் துடைத்துவிட்டு ஹோஸை மாட்டுங்கள். துடைக்காமல் மாட்டினால் கரம்பை மண் காற்றோடு உள்ளே போய் வால்வு பின்னில் உட்காரும். ஏற்றியபின் மெல்லக் கசிவது பெரும்பாலும் இதனால்தான். எச்சில் தொட்டு வைத்துப் பார்க்கும் பழக்கத்தைவிடச் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தெளிவாகக் காட்டும்.

சுவிட்சைப் போட்டதும் டயரின் பக்கவாட்டில் குனிந்து நிற்காதீர்கள். தரையில் படும் பகுதிக்கு நேராக, ஓரடி தள்ளி நில்லுங்கள். அடிபட்ட டயர் கிழிந்தால் பக்கச்சுவர் வழியாகத்தான் கிழியும்.

ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள். நான்கு டயர் நிரப்பும்போது முதல் டயர் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைக் கவனித்தால், மற்றவற்றுக்கு அதே நேரம் வைத்துக்கொண்டு கடைசியில் ஒருமுறை அளந்தால் போதும். ஓடி வந்த டயர் சூடாக இருக்கும் என்பதால் காலையில் எழுதிய எண்ணைவிட 2 பிஎஸ்ஐ கூடுதலாக ஏற்றுகிறேன். மறுநாள் ஆறிய பிறகு சரிபார்த்துக் குறைக்கிறேன். கூடுதலாக இருப்பதைக் குறைப்பது எளிது.

கம்ப்ரசருக்கு ஓய்வு உண்டு. எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஆற வேண்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். நம் வெயிலில் அந்த ஓட்டத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டயர் முடிந்ததும் ஐந்து நிமிடம் நிறுத்துவது என் வழக்கம். ஒரே சுருதியில் ஓடிய மோட்டாரின் ஒலி கனத்து இழுக்கத் தொடங்கினால், கணக்குப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். ஹோஸின் பித்தளை முனையை வெறும் கையால் கழற்றாதீர்கள். அழுத்திய காற்று சூடாகவே வரும். அந்த முனை ஒருமுறை என் இரண்டு விரல் நுனிகளையும் கொப்பளிக்க வைத்தது.

எண்ணெய் இல்லாமல் ஓடும்படி அமைந்த கம்ப்ரசர்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. சத்தம் போடுகிறதே என்று அதற்கு எண்ணெய் விட்டால் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிஸ்டன் வளையத்தைக் கெடுத்துவிடும்.

டயரில் முள் ஏறியிருந்து காற்று நிற்கிறது என்றால் காட்டில் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக நிற்கிறது. காற்றை ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்ப் பிடுங்குங்கள்.

8. டேங்கில் கவனிக்க வேண்டியவை

டேங்கில் நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும்: அழுத்த மானி, தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு, அடியில் தண்ணீர் வடிக்கும் குழாய், தாங்கும் அழுத்தமும் சோதித்த நாளும் பொறித்த தகடு. ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். பாதுகாப்பு வால்வு இருக்க வேண்டிய துளையில் போல்ட்டைத் திருகி அடைத்த டேங்க் ஒன்று எனக்கே விற்கப்பட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் கவனித்தேன், அதை இன்றுவரை நிரப்பவில்லை.

ஏசி கேஸ் வந்த பழைய உருளையில் வால்வு பொருத்திக் காற்று டேங்காகச் செய்து தருவதை எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். அவை ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காக மெல்லிய தகட்டில் செய்தவை. உள்ளே காற்றின் ஈரம் தங்கித் துரு ஏறும். எந்த நாளில் மெலிந்து வெடிக்கும் என்பது வெளியே தெரியாது. எந்த டேங்கிலும் வெல்டிங் செய்து தாங்கு கால் பொருத்துவதும் அப்படிப்பட்டதே.

காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு உருளையை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. உள்ளே திரவமாக இருப்பதால் 1 கிலோவில் 500 லிட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். 2 கிலோ உருளை மூன்று, நான்கு வண்டிகளுக்கு ஆகும், மின்சாரமும் வேண்டாம். ஆனால் 25 பாகையிலேயே அதனுள் அழுத்தம் 900 பிஎஸ்ஐயைத் தாண்டும். 31 பாகைக்கு மேல் அது திரவமாகவே நிற்காது, சூட்டோடு அழுத்தம் கடுமையாக ஏறும். நம் ஊரில் பூட்டிய வண்டியின் உள்ளே 31 பாகை என்பது மார்கழி நண்பகல். ஆகவே வெயிலில் நிற்கும் வண்டியில் அதை விட்டுவைக்கக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் டயரில் இணைக்கக் கூடாது. நிமிர்த்தி வைத்தே திறக்க வேண்டும்; படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்து உறைந்துவிடும். அடைத்த வண்டிக்குள் கசிந்தால் மூச்சு முட்டும். உருளையும் அதை நிரப்புவதும் 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளுக்குள் வருகின்றன. பெசோ (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் பொறித்த உருளையை உரிமம் பெற்ற இடத்தில் மட்டும் நிரப்புங்கள். இந்த வாயு ரப்பர் வழியாகக் காற்றைவிட விரைவில் கசியும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடியும் அளக்க வேண்டும்.

ஆக்சிஜன் உருளையையோ சமையல் கேஸையோ டயரில் ஏற்றுவது உயிருக்கு ஆபத்து. அவசரம் என்றாலும் வேண்டாம்.

9. ரிம்மை விட்டு நழுவிய டயர்

டேங்கின் ஒரே மூச்சுக் காற்று பயன்படும் இடம் இதுதான். கம்ப்ரசர் மெல்லத் தள்ளும் காற்று, டயருக்கும் ரிம்முக்கும் இடையில் உள்ள சந்து வழியாக வெளியேறிவிடும். டேங்கின் காற்று சந்து நிரம்பும் வேகத்தில் வரும்.

ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கி, ரிம் விளிம்பிலும் டயர் விளிம்பிலும் உள்ள மண்ணை முழுக்கத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வு பின்னைக் கழற்றிவிட்டால் காற்று போகும் வழி அகலமாகும். டயரைக் கையால் ரிம்மோடு அழுத்திப் பிடித்து, பின் கையை எடுத்துவிட்டு, டேங்கை ஒரேயடியாகத் திறக்க வேண்டும். விளிம்பு உட்காரும்போது "டொப்" என்ற ஒலி இரண்டு முறை கேட்கும், இரண்டு பக்கத்திற்கும் ஒவ்வொன்று. 40 பிஎஸ்ஐயைத் தாண்டியும் ஒலி கேட்கவில்லை என்றால் நிறுத்தி, காற்றை விட்டு, மறுபடியும் துடைத்துத் தொடங்குங்கள். அழுத்தத்தைக் கூட்டி உட்கார வைக்க முயல்வது விளிம்புக் கம்பியை அறுக்கும். விரலை இடையில் விடாதீர்கள். பெட்ரோலைத் தெளித்துக் கொளுத்தி உட்கார வைக்கும் வித்தையை யாராவது செய்து காட்ட முன்வந்தால் தடுத்துவிடுங்கள்.

10. திரும்பி வந்த பிறகு

கழற்றும்போது முதலில் சுவிட்ச், பிறகு ஹோஸ், பிறகு கறுப்புக் கிளிப், கடைசியாகச் சிவப்பு. கம்ப்ரசர் ஆறும் முன் பையில் திணித்தால் ஹோஸ் உருகி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் வெளியே இருக்கட்டும். வடிகட்டியின் பஞ்சைத் தட்டித் தூசியை உதறுங்கள். பஞ்சு சிவப்பேறியிருந்தால் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே மாட்டுங்கள்.

டேங்க் இருந்தால் அழுத்தத்தை முழுதும் விட்டுவிட்டு, அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். முதல்முறை பார்ப்பவர்கள் வியப்பார்கள்: துரு கலந்த தேநீர் நிறத்தில் அரைக் குவளை தண்ணீர்கூட வருவதுண்டு. குழாயை அன்றிரவு திறந்தே வைத்து உள்ளே உலரவிடுங்கள்.

மறுநாள் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், அதே கேஜால் நான்கு டயரையும் அளந்து முந்தைய நாள் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று டயர் சரியாக இருந்து ஒன்று மட்டும் 3, 4 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால், அதில் முள்ளோ, வால்வு பின்னில் மண்ணோ இருக்கிறது.